ரிவாக் முதல் பல்கலாசார நிலையம் வரை: கல்விக்கூடத்தில் பண்பாட்டுக்கு ஓர் இடம்

அறிவு தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவன் தன் வீட்டை விட்டுப் புறப்படுகிறான். ஆனால், தன் மொழியையும் உணவையும் வழிபாட்டையும் முன்னோர் பற்றிய நினைவையும் அங்கேயே விட்டுவிட்டுப் புறப்படுவதில்லை. அவனை ஏற்றுக்கொள்ளும் கல்விக்கூடம் அவனது அறிவாற்றலை மட்டும் உள்ளே அனுமதித்து, ஏனையவற்றை வாயிலில் இறக்கி வைக்குமாறு பணிக்கலாமா? அல்லது அவற்றுக்கும் தன் கூரையின் கீழ் ஓரிடம் ஒதுக்க வேண்டுமா? உயர்கல்வியின் வரலாற்றில் இது மிகப் பழைய வினாவாகும். அண்மைக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா புதிய கூர்மையுடன் எழுந்துள்ளது.

அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 'பல்கலாசார நிலையம்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் இயங்கி வருகின்றது. சிறுபான்மை இனங்களைச் சேர்ந்த மாணவர்களுக்கு ஆதரவளிப்பதும், அவர்களது பண்பாட்டு மரபுகளைப் பேணிக் கொண்டாடுவதும், அம்மரபுகளை ஏனைய மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவதும் அதன் பணிகளாகும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஒஸ்டின் வளாகத்தில் 1988ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த இத்தகைய நிலையம் ஒன்று 2024 ஜனவரியில் மூடப்பட்டது. மாநிலச் சட்டசபை இயற்றிய ஒரு சட்டமே அதற்குக் காரணமாயிற்று. அதே ஆண்டில் யூட்டா மாநிலத்திலும் இது போன்ற நிலையங்கள் கதவடைத்தன. முப்பது, நாற்பது ஆண்டுகளாக நிலவிய ஒரு நிறுவனத்தை ஒரு சமூகம் ஏன் தோற்றுவித்தது, பின்னர் ஏன் வேண்டாமென்றது என்பதை விளங்கிக் கொள்வது பயனுடையதாகும். அதனை அதன் வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அல்அஸ்ஹரின் ரிவாக்குகள்

கல்விக்கூடத்திற்குள் மாணவரின் தாயகத்துக்கென ஓரிடம் ஒதுக்கும் வழக்கம் நவீன காலத்தின் கண்டுபிடிப்பன்று. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் கெய்ரோவில் தோன்றிய அல்அஸ்ஹர், காலப்போக்கில் இஸ்லாமிய உலகின் பல திசைகளிலிருந்தும் மாணவரை ஈர்க்கும் கல்விப் பீடமாக வளர்ந்தது. அங்கு 'ரிவாக்' எனப்படும் பகுதிகள் அமைந்திருந்தன. அரபு மொழியில் இச்சொல் தூண்கள் தாங்கும் தாழ்வாரத்தைக் குறிக்கும். அல்அஸ்ஹரில் அது ஒரு குறிப்பிட்ட நாட்டையோ பிரதேசத்தையோ சேர்ந்த மாணவர் தங்கியிருந்து கற்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. மஃரிபியருக்கு ஒரு ரிவாக், ஷாம் தேசத்தவருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, மேல் எகிப்தியருக்கு ஒன்று, ஆபிரிக்காவின் கொம்பு எனப்படும் பகுதியிலிருந்து வந்த ஜபர்த்தியருக்கு ஒன்று, தென்கிழக்காசியாவின் தீவுகளிலிருந்து வந்தோருக்கு 'ஜாவா' என்ற பெயரில் ஒன்று. இவ்வாறு அவை பெருகின. பார்வையற்ற மாணவருக்கெனவும் ஒரு தனிப்பகுதி அமைந்திருந்தமை இங்கு குறிப்பிடத்தக்கது.

ஒவ்வொரு ரிவாக்கிற்கும் ஒரு ஷெய்க் தலைமை வகித்தார். மாணவரின் ஒழுக்கம், அவர்களிடையே எழும் பிணக்குகள், நிர்வாகத்திற்கு முன்னால் அவர்களது நலன் ஆகியவற்றுக்கு அவரே பொறுப்பாளராவார். வக்பு சொத்துக்களின் வருமானத்திலிருந்து நாளாந்த ரொட்டிப் பங்கீடு வழங்கப்பட்டது. சில ரிவாக்குகள் தமக்கெனச் சொந்த நூலகங்களையும் கொண்டிருந்தன. எனினும், பாடங்கள் ரிவாக்கின் எல்லைக்குள் முடங்கவில்லை. பள்ளியின் தூண்களருகே அமர்ந்து கற்பித்த ஆசிரியரைச் சுற்றி மஃரிபியும் துருக்கியரும் ஜாவானியரும் ஒரே வட்டமாக அமர்ந்தனர். தனித்தங்கலும் பொதுக்கல்வியும் ஒன்றுக்கொன்று முரணானவை என அங்கு கருதப்படவில்லை.

இதற்குச் சிறந்ததோர் உதாரணமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த எகிப்திய வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தியின் குடும்பத்தினர் ஜபர்த்தியரின் ரிவாக்கிற்குப் பரம்பரையாகத் தலைமை தாங்கியவர்களாவர். அவர்களது மூதாதை ஒருவர் கொம்புப் பிரதேசத்திலிருந்து மாணவராகக் கெய்ரோவுக்கு வந்தவர். வந்தேறியவரின் வழித்தோன்றலாகிய அந்த ஜபர்த்தியே, 1798இல் நெப்போலியன் எகிப்தின்மீது படையெடுத்த காலத்தை நேரில் கண்டு எழுதி, அந்நாட்டின் வரலாற்றை அறிய இன்றியமையாத ஆசிரியராகத் திகழ்கிறார். ரிவாக் அக்குடும்பத்தை எகிப்திலிருந்து பிரித்து வைக்கவில்லை. அது எகிப்துக்குள் நுழைவதற்கான வாயிலாகவே பயன்பட்டது.

மத்திய கால ஐரோப்பாவிலும் இதனையொத்த அமைப்பைக் காண்கிறோம். பொலோஞ்ஞாவில் அல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்த மாணவரும் இப்பாலிருந்து வந்த மாணவரும் தனித்தனிக் கூட்டமைப்புகளாக இயங்கினர். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் பிரெஞ்சு, பிக்கார்டி, நோர்மண்டி, ஆங்கிலம் என நான்கு 'தேசங்கள்' இருந்தன. அந்நிய நகரத்தில் சட்டப் பாதுகாப்பற்றிருந்த மாணவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள ஏற்படுத்திய சங்கங்களே அவை.

படிக்கட்டில் ஒரு சந்திப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆசிய நாடுகளிலிருந்தும் ஏனைய நாடுகளிலிருந்தும் மாணவர் வரத் தொடங்கினர். அவர்களுக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது. வகுப்பறைக்கு வெளியே யாரும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 1909இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் ஹரி எட்மண்ட்ஸ் என்ற இளைஞர், எதிரே வந்த சீன மாணவர் ஒருவருக்குச் சாதாரணமாகக் காலை வணக்கம் கூறினார். அம்மாணவர் நின்று, தாம் அந்நகருக்கு வந்து மூன்று வாரங்களாகியும் தம்மிடம் பேசிய முதல் மனிதர் அவரே என்று கூறினாராம். இச்சந்திப்பு எட்மண்ட்ஸின் உள்ளத்தை உலுக்கியது. அவரும் அவரது மனைவியும் வெளிநாட்டு மாணவரைத் தம் வீட்டிற்கு அழைத்து விருந்தோம்பத் தொடங்கினர். அம்முயற்சியே வளர்ந்து, ரொக்கஃபெல்லர் குடும்பத்தின் நன்கொடையுடன் 1924இல் நியூயோர்க்கின் 'சர்வதேச இல்லம்' ஆக உருவெடுத்தது. 1930இல் பேர்க்லியிலும் 1932இல் சிகாகோவிலும் அத்தகைய இல்லங்கள் எழுந்தன. பல இனத்தவர் ஒரே கூரையின் கீழ் வாழ்வதை விரும்பாத அயலவர் பேர்க்லியில் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர் என்பதும் வரலாறாகும்.

இவ்வில்லங்கள் விருந்தோம்பலின் அடிப்படையில் எழுந்தவை. விருந்தினர் சில ஆண்டுகள் தங்கிக் கற்றுத் தம் நாடு திரும்புவார் என்பதே அங்கு நிலவிய எண்ணம். ஆனால், சொந்த நாட்டிலேயே விருந்தினரைப் போன்றும், சில வேளைகளில் வேண்டாத விருந்தினரைப் போன்றும் நடத்தப்பட்டவர்கள் இருந்தனர். பல்கலாசார நிலையத்தின் நேரடி வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்குகிறது.

கோரிக்கையாக மாறிய இல்லம்

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி, கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் ஹேமன் ஸ்வெட் என்பவருக்கு அனுமதி மறுத்தது. 1950இல் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும், அதே பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்ட வகுப்புகளில் கறுப்பின மாணவர் சேர்க்கப்பட்டது 1956இலேயாகும். கதவு திறந்தது, ஆனால் உள்ளே இருந்த உலகம் மாறவில்லை. பாடத்திட்டத்தில் அவர்களது வரலாறு இல்லை. விரிவுரையாளர்களில் அவர்களைச் சேர்ந்தோர் இல்லை. ஒன்றுகூடிப் பேச ஓர் அறைகூட இல்லை. ஏறத்தாழ நாடெங்குமுள்ள பல்கலைக்கழகங்களின் நிலை இதுவேயாகும்.

இந்நிலைக்கு எதிரான குரல் 1968இல் வலுப்பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் சங்கமும், ஆசிய, இலத்தீன் அமெரிக்க, பூர்வீகக் குடி மாணவர் இணைந்த 'மூன்றாம் உலக விடுதலை முன்னணி'யும் தொடங்கிய வகுப்புப் பகிஷ்கரிப்பு 1969 மார்ச் வரை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடித்தது. அதன் விளைவாக இனக்குழும ஆய்வுகளுக்கான தனிப்பீடம் அங்கு தோன்றியது. 1969இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆபிரிக்க-அமெரிக்கப் பண்பாட்டு நிலையம் நிறுவப்பட்டது. 1981இல் ஆசிய அமெரிக்கருக்கும் அங்கு ஒரு நிலையம் ஏற்பட்டது. 'ஆசிய அமெரிக்கர்' என்ற தொடரே 1968இல் பேர்க்லி மாணவர் இயக்கத்தில் உருவானது என்பது கவனிக்கத்தக்கது.

இந்நிலையங்களின் வாழ்க்கை வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் உதாரணமாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தைக் கொள்ளலாம். 1970 மார்ச் மாதப் பிற்பகுதியில் 'கறுப்பினச் செயல் இயக்கம்' என்ற கூட்டமைப்பு அங்கு வகுப்புகளைப் பகிஷ்கரிக்குமாறு அழைப்பு விடுத்தது. மாணவர் தொகையில் கறுப்பினத்தவர் பத்து சதவீதமாக உயர வேண்டும் என்பதும், அவர்களுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்பதும் கோரிக்கைகளுட் சில. ஏப்ரல் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. 1971இல் ஒரு வீடு அதற்கென ஒதுக்கப்பட்டு, வில்லியம் மன்றோ டிரொட்டரின் பெயர் சூட்டப்பட்டது. டிரொட்டர் 1872இல் பிறந்தவர், ஹார்வர்டில் கற்றவர், பொஸ்டனில் 'கார்டியன்' என்ற பத்திரிகையை நிறுவி நடத்தியவர். அரசாங்க அலுவலகங்களில் கறுப்பின ஊழியரைத் தனியாகப் பிரித்து வைத்ததை எதிர்த்து, 1914இல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி வில்சனுடன் நேருக்கு நேர் வாதிட்டவர். அத்தகைய ஒருவரின் பெயரை ஒரு மாணவர் இல்லத்துக்குச் சூட்டியமை, அவ்வில்லம் வெறும் பொழுதுபோக்குக் கூடமன்று என்பதற்கான பிரகடனமாகும்.

முதல் வீடு விரைவிலேயே தீக்கிரையானது. நிலையம் வாஷ்டெனோ வீதியிலிருந்த வேறொரு பழைய வீட்டிற்கு இடம்பெயர்ந்தது. 1981இல் அது கறுப்பின மாணவருக்கு மட்டுமன்றி அனைத்துச் சிறுபான்மையினருக்குமான பல்கலாசார நிலையமாக விரிவாக்கம் பெற்றது. எனினும், வளாகத்தின் மையத்திலிருந்து அது தொலைவில் இருந்தது. கட்டிடமும் பழுதடைந்து வந்தது. ஒரு நிறுவனம் எதனை மையத்தில் வைக்கிறது, எதனை ஓரத்தில் வைக்கிறது என்பதே அதன் மதிப்பீடுகளை வெளிப்படுத்தி விடுகிறது. 2013 நவம்பரில் மிச்சிகன் கறுப்பின மாணவர் தம் அன்றாட அனுபவங்களை நாடறியப் பகிர்ந்துகொண்ட இயக்கமொன்றைத் தொடங்கினர். 2014 ஜனவரியில் அவர்கள் முன்வைத்த ஏழு கோரிக்கைகளுள் ஒன்று, வளாகத்தின் மையப்பகுதியில் புதிய டிரொட்டர் நிலையம் வேண்டும் என்பதாகும். 2019 ஏப்ரலில், ஒரு கோடி டொலர் செலவில், வளாகத்தின் நடுநாயகமான ஸ்டேட் வீதியில் அது திறக்கப்பட்டது. முதல் கோரிக்கைக்கும் அந்தக் கட்டிடத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது.

நிலையம் ஆற்றும் பணிகள்

இத்தகைய நிலையங்களின் பணிகளை மூவகைப்படுத்தி நோக்கலாம்.

முதலாவது, அடைக்கலம். பல்கலைக்கழகக் கல்வியைத் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பெறவரும் மாணவர் பலருக்கு அதன் நடைமுறைகள் அந்நியமானவை. நிதியுதவிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, பேராசிரியரை எப்போது சென்று காண்பது, ஒரு பாடத்தில் தவறினால் என் செய்வது என்பனவற்றை வீட்டில் கேட்டறிய வழியில்லை. நிலையத்தின் ஆலோசகரும் மேல்வகுப்பு மாணவரும் அவ்விடத்தை நிரப்புகின்றனர். ரிவாக்கின் ஷெய்க் ஆற்றிய பணியை இவர்கள் ஆற்றுகின்றனர் எனலாம்.

இரண்டாவது, மரபைப் பேணுதல். வரலாற்று மாதங்கள், மொழி வகுப்புகள், நூலகங்கள், கண்காட்சிகள், தம் சமூகத்தின் இசையோடும் உடையோடும் நடைபெறும் பட்டமளிப்புக் கொண்டாட்டங்கள் ஆகியன இவ்வகையிலடங்கும். சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் கெல்லி பண்பாட்டு நிலையம் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. 2013இல் அதன் புதிய கட்டிடம் திறக்கப்பட்டபோது, பழைய கட்டிடத்தில் 1970களின் மாணவர் தீட்டிய சுவரோவியங்கள் பாதுகாப்பாக அகற்றப்பட்டுப் புதிய சுவர்களில் பொருத்தப்பட்டன. கட்டிடம் மாறினாலும் நினைவு மாறக்கூடாது என்ற உணர்வின் வெளிப்பாடே அது.

மூன்றாவது, அறிமுகம். ஒரு சமூகத்தின் மரபை ஏனையோர் அறியும் வாயிலாக நிலையம் விளங்குகிறது. இதற்கு ஒரு சான்று: கார்ட்டர் வூட்சன் என்ற வரலாற்றறிஞர் 1926இல் தொடங்கிய ஒரு வார நினைவுகூரலை ஒரு மாத காலத்துக்கு விரிவாக்க வேண்டுமென 1969இல் முன்மொழிந்து, அடுத்த ஆண்டே கொண்டாடிக் காட்டியவர்கள் ஒஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவரும் ஆசிரியருமாவர். 1976இல் அது தேசிய மட்டத்தில் ஏற்கப்பட்டது. ஒரு வளாகத்தின் சிறுபான்மை மாணவர் தொடங்கிய ஒன்று முழு நாட்டின் நாட்காட்டியில் இடம்பெற்றது.

முஸ்லிம் மாணவரைப் பொறுத்தவரை இவ்வரலாறு சற்று வேறுபட்டது. 1963 ஜனவரியில் இலினோய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷம்பெய்ன் வளாகத்தில் அமெரிக்க, கனடிய முஸ்லிம் மாணவர் சங்கம் உருவாகியது. ஜும்ஆத் தொழுகைக்கு இடம், ரமழானில் உணவு நேரம், ஹலால் உணவு ஆகியவற்றை அம்மாணவர் தம் முயற்சியாலேயே தேடிக் கொண்டனர். 1999இல் ஜோர்ஜ்டவுன் பல்கலைக்கழகம் முழுநேர முஸ்லிம் சமய ஆலோசகரை நியமித்தது. இனவாரியான வகைப்பாட்டில் முஸ்லிம் மாணவர் எளிதில் பொருந்துவதில்லை. அவர்களில் ஆபிரிக்க-அமெரிக்கர், அரபியர், தென்னாசியர், பொஸ்னியர் எனப் பலருளர். அரபு மாணவரோ அரசாங்கக் கணக்கெடுப்பில் 'வெள்ளையர்' என்றே பதியப்பட்டு வந்தனர். 2024 மார்ச்சில்தான் மத்திய அரசு தன் வகைப்பாட்டு விதிகளைத் திருத்தி, மத்திய கிழக்கு, வட ஆபிரிக்க மக்களுக்கெனத் தனிப்பிரிவை ஏற்றது. எண்ணிக்கையில் இடம்பெறாதவர் உதவித் திட்டங்களிலும் இடம்பெறுவது கடினம். அத்தகையோருக்குப் 'பல்கலாசாரம்' என்ற பரந்த பெயரே நுழைவாயிலாக அமைந்தது.

முன்வைக்கப்படும் எதிர்வாதங்கள்

இந்நிலையங்களை எதிர்ப்போரின் வாதங்களை நாம் நேர்மையாக ஆராய வேண்டும். அவற்றுட் சில அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல.

தனி நிலையம் மாணவரைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்துவிடும் என்பது முதல் வாதம். கல்வியியலாளர் வின்சன்ட் டின்டோ 1970கள் முதல் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, மாணவர் பல்கலைக்கழகத்தின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் இணையும் அளவுக்கே கல்வியை இடைநிறுத்தாது தொடர்கின்றனர். அவ்வாறாயின், பழைய சமூகப் பிணைப்பிலிருந்து விடுபடுவதே வெற்றிக்கு வழி என்று சிலர் முடிவு செய்தனர். வில்லியம் டியர்னி 1992இல் இதனை மறுத்தார். பூர்வீகக் குடி மாணவரின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு, தன் மரபைத் துறந்தால்தான் கல்வி என்ற நிபந்தனை பெரும்பான்மை மாணவருக்கு விதிக்கப்படுவதில்லை. சிறுபான்மையினருக்கு மட்டுமே விதிக்கப்படுகிறது என அவர் எடுத்துக்காட்டினார். எம்மைப் பொறுத்தவரை இவ்வாதம் வலுவானது. தாங்கி நிற்க ஒரு தளம் இருப்பவரே அடுத்த அடியை அச்சமின்றி எடுத்து வைக்க முடியும்.

இரண்டாவது வாதம், பண்பாடு என்பது உணவு, உடை, ஆடல், பாடல் என்ற காட்சிப் பொருளாகச் சுருங்கிவிடுகிறது என்பதாகும். இது பெருமளவு உண்மையே. ஆண்டுக்கொரு முறை பலநாட்டு உணவுகளை மேசைகளில் பரப்பி வைப்பதால் ஒரு சமூகத்தின் சிந்தனையோ துயரமோ வரலாறோ அறியப்படுவதில்லை. நிலையம் நூலகத்தோடும் ஆய்வுத்துறைகளோடும் இணைந்து இயங்கும்போதே இக்குறை நீங்கும். 1968இன் மாணவர் நிலையத்தை மட்டும் கேட்கவில்லை. பாடத்திட்டத்தையும் சேர்த்தே கேட்டனர் என்பதை இங்கு மறத்தலாகாது.

மூன்றாவது, நிலையம் ஒன்றை அமைத்துவிட்டு அதனையே போதுமான பரிகாரமாகக் காட்டும் ஆபத்து. மிச்சிகன் பல்கலைக்கழகமே இதற்குச் சாட்சி. 1970இல் உடன்பட்ட பத்து சதவீத இலக்கு எட்டப்படவேயில்லை. 2006இல் அம்மாநில வாக்காளர் இனத்தைக் கருத்திற்கொண்டு மாணவரைச் சேர்ப்பதைத் தடைசெய்தனர். அதன் பின் இளநிலை மாணவரில் கறுப்பினத்தவர் 2006இல் ஏறத்தாழ 7 சதவீதமாக இருந்து 2021இல் 4 சதவீதமாகக் குறைந்தனர் என அப்பல்கலைக்கழகமே உயர்நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. அதே காலத்தில் மாநிலத்தின் கல்லூரி வயதினரில் அவர்களின் பங்கு 16இலிருந்து 19 சதவீதமாக உயர்ந்திருந்தது. வீடு பெரிதாகியது, வீட்டுக்கு வருவோர் குறைந்தனர். அழகிய கட்டிடம் நீதிக்குப் பதிலீடாகாது என்பதை இது உணர்த்துகிறது.

நான்காவது வாதமே அரசியல் வலிமை பெற்றது. பொதுப்பணத்தை இனம், பால் போன்ற அடையாளங்களின் அடிப்படையில் செலவிடுவது சமத்துவத்துக்கு முரணானது என்பது அது. 2023 ஜூன் 14இல் டெக்சாஸ் ஆளுநர் கையொப்பமிட்ட பதினேழாம் இலக்க செனட் மசோதா, பொதுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை, சமத்துவம் ஆகியவற்றுக்கான அலுவலகங்களைத் தடைசெய்தது. கற்பித்தல், ஆய்வு, மாணவர் சங்கங்கள் ஆகியவற்றுக்கு அது விலக்களித்திருந்தது. 2024 ஜனவரி முதலாம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒஸ்டின் வளாகத்தின் பல்கலாசார நிலையம் மூடப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 2இல், பெயர் மாற்றத்துடன் இயங்கி வந்த தொடர்புடைய நிர்வாகப் பிரிவும் கலைக்கப்பட்டு ஏறத்தாழ அறுபது பேர் பணியிழந்தனர். யூட்டாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத்தை அடுத்து, மாநிலத்தின் தலைமைப் பல்கலைக்கழகத்திலிருந்த கறுப்பினப் பண்பாட்டு நிலையமும் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக அனைவருக்கும் பொதுவான பண்பாட்டு ஈடுபாட்டு நிலையமொன்று ஏற்படுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் தனது பன்முகத்தன்மை அலுவலகத்தை மூடியது.

அனைவருக்கும் பொதுவானது என்ற சொல் செவிக்கு இனியது. ஆனால், தொடக்கத்திலிருந்தே பல்கலைக்கழகம் 'அனைவருக்கும் பொதுவானது' என்றே கூறிக்கொண்டது. அப்பொதுமைக்குள் சிலருக்கு இருக்கை இருக்கவில்லை என்பதாலேயே நிலையங்கள் எழுந்தன. அக்காரணம் நீங்கிவிட்டதா என்பதை ஆராய்ந்து நிறுவாமல் நிலையத்தை மட்டும் நீக்குவது, நோய் தீர்ந்ததை உறுதி செய்யாமல் மருந்தை நிறுத்துவதற்கு ஒப்பாகும். அதே வேளை, ஒரு நிலையத்தின் கதவு தன் இனத்தவருக்கு மட்டும் திறக்குமாயின், எதிர்வாதிகளின் குற்றச்சாட்டுக்கு அதுவே சான்றாகிவிடும்.

நிலைபேறும் அதன் அடித்தளமும்

இங்கு ரிவாக்குகளின் வரலாறு எமக்கு இன்னொரு சிந்தனையைத் தருகிறது. ரிவாக் வக்பின் மீது நின்றது. ஒரு வணிகரோ ஆளுநரோ ஒரு தோட்டத்தையோ கடைத்தொகுதியையோ அர்ப்பணித்துவிட்டால், அதன் வருமானம் தலைமுறைகள் கடந்து மாணவரின் ரொட்டியாக மாறியது. ஆட்சியாளரின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை அது எதிர்பார்த்து நிற்கவில்லை. இன்றைய பல்கலாசார நிலையமோ, பொதுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, மாநிலத்தின் நிதியிலும் அனுமதியிலும் தங்கியிருக்கிறது. ஆகவேதான் முப்பத்தைந்து ஆண்டுக்கால நிறுவனம் ஒன்றை ஒரு சட்டத்தால் கலைத்துவிட முடிந்தது.

எனினும், வக்பையும் நாம் மிகைப்படுத்தி நோக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அலி பாஷா எகிப்தின் வக்பு நிலங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, அல்அஸ்ஹரின் சுயாதீனமும் பெரிதும் பாதிக்கப்பட்டது. சொத்து மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடாது; அதன் தேவையை உணர்ந்த சமூகமும் பின்னால் நிற்க வேண்டும். ஒஸ்டினில் நிலையம் மூடப்பட்ட பின், 2024இல் இலத்தீன் அமெரிக்க மாணவரின் பட்டமளிப்புக் கொண்டாட்டம் பல்கலைக்கழகத்தின் நிதியின்றி, மாணவரும் பழைய மாணவரும் திரட்டிய நிதியில் நடைபெற்றது. 1909இல் எட்மண்ட்ஸ் தம்பதியர் தம் வீட்டு மேசையில் தொடங்கியதும், அல்அஸ்ஹரில் பெயரறியா வணிகர் தம் கடைகளை அர்ப்பணித்ததும் இதனோடு ஒத்த செயல்களேயாகும்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று நிபந்தனைகளை நாம் வகுத்துக் கொள்ளலாம். பண்பாட்டு நிலையம் ஒன்றின் கதவு வெளியே செல்வதற்கும் உள்ளே வருவதற்கும் ஒருசேரத் திறந்திருக்க வேண்டும். அது கொண்டாட்டத்தோடு நில்லாது கல்வியோடு பிணைந்திருக்க வேண்டும். அதனைத் தாங்கும் பொறுப்பை, அதனால் பயன்பெற்றோர் ஒரு பகுதியேனும் தம் தோள்களில் ஏற்க வேண்டும். இம்மூன்றும் அமைந்த இடத்தில் நிலையம் பிரிவினைக்குக் கருவியாவதில்லை. இஸ்லாமியச் சிந்தனையில் 'தஆருஃப்' எனப்படும் பரஸ்பர அறிமுகம் அங்குதான் சாத்தியமாகிறது. தன்னை மறைத்துக் கொண்டவனை யாராலும் அறிய முடியாது; தன்னை மட்டுமே அறிந்தவனால் யாரையும் அறிய முடியாது.

மூன்று வாரங்கள் யாருடனும் பேசாது நியூயோர்க்கில் நடந்து திரிந்த அந்தச் சீன மாணவருக்குப் பல்கலைக்கழகம் நூலகத்தை அளித்திருந்தது, வகுப்பறையை அளித்திருந்தது. ஒரு வணக்கத்தை மட்டும் அளிக்கவில்லை. சட்டங்கள் நிலையங்களைத் திறக்கலாம், மூடலாம். ஆனால், இவ்வாண்டும் எங்கோ ஒரு வளாகத்தில் முதல்நாள் நுழையும் மாணவன் ஒருவன், தன் பெயரைச் சரியாக உச்சரிக்கும் ஒரு குரலைத் தேடி நிற்பான். அவனுக்கு விடையளிக்கும் பொறுப்பிலிருந்து எந்தக் கல்விக்கூடமும் விடுபட முடியாது.